பஸ்ஸை நிறுத்தியது நான்தான்

நான் செய்த தவறுக்கு இன்னொருத்தியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தப் பெண்ணின் பெயர் சுகந்தி. அவளைப் பார்க்கத்தான் கோவையிலிருந்து திருவனந்தபுரம் போனேன். போகும் வழியெல்லாம் இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று யோசித்தேன். திரும்பி வந்தபின் அந்த ஆசை இல்லை.

என் அறுபதை நெருங்கிய வயதில், என்னோடொத்த மேலாளர்கள் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் என் கையால் ஒரு நிரல் தொகுப்பு எழுதினேன். இணையத்தின் பழைய பேச்சு முறை கடைக்கார வரிசை போன்றது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அடுத்தவர் நிற்க வேண்டும். புதிதாக வந்த முறையில், இரண்டு கணினிகளுக்கு நடுவே ஒரே ஒரு இணைப்பு. அதற்குள் நூறு உரையாடல்கள் துண்டு துண்டாகப் பின்னிக்கொண்டு ஓடும். எதுவும் எதற்காகவும் நிற்காது. பதில் வந்தவரை எழுப்பி வேலை கொடுத்துவிட்டு, வராதவரைத் தூங்கவிடும் நிரல் அதற்கு வேண்டும். அதை நான் எழுதினேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

எங்கள் கம்பெனி ஒரு தனியார் பஸ் நிறுவனத்துக்கு டிக்கெட் முன்பதிவு செய்யும் மென்பொருள் செய்து கொடுத்தது. கவுன்டரில் ஓடும் நிரலை சுகந்தி எழுதினாள். அதற்கு அடியில் இருந்தது என் தொகுப்பு. ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானம், எல்லாக் கவுன்டர்களும் நின்றுபோயின. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எதுவும் உடையவில்லை. எல்லாமே எதற்கோ காத்துக்கொண்டிருந்தன. டிக்கெட் இல்லாமல் பஸ்கள் நின்றன, பஸ் நிலையத்தில் கண்ணாடி உடைந்தது.

நின்றது சுகந்தியின் நிரல். அறிக்கையில் நான் எழுதினேன்: "சுகந்தி எழுதிய பகுதியில் கவனக்குறைவு." அன்று சாயங்காலம் அவள் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். முதல் பத்தியைப் படித்த பத்தாவது நிமிடம் தவறு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலை என் தொகுப்பில் ஒரு வரி சேர்த்து, "சிறு திருத்தம்" என்று பெயரிட்டு வெளியிட்டேன். அறிக்கையைத் தொடவில்லை. ஒரு மாதத்தில் அவள் வேலையை விட்டாள். அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு மேடையில், அந்தப் பிழையை நான் கண்டுபிடித்த கதையை நாற்பது நிமிடம் சொன்னேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சில மாதங்களுக்கு முன் பழைய சகா ஒருவர் போனில் பேசினார். சுகந்தி திருவனந்தபுரத்தில் ஐந்து பேரை வைத்துச் சின்ன நிறுவனம் நடத்துகிறாளாம். மீன்பிடி வள்ளங்களுக்கு மென்பொருள் செய்கிறாளாம். "அதே ஒற்றை இணைப்பு முறைதான். கடல் நடுவுல சிக்னல் போய்ப் போய் வரும். ஆனா ஒரு நாளும் நின்னது கிடையாதாம்" என்றார். கேட்டதும் எனக்குள் பெருமை பொங்கியது. பெருமைப்பட எனக்கு என்ன பாத்தியதை என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்த வாரமே கிளம்பினேன். சொல்லிவிட்டுப் போனால் வர வேண்டாம் என்பாளோ என்ற பயத்தில் சொல்லாமல் போனேன்.

முதல் நாள், திருவனந்தபுரம் பாளையத்தில் அறை எடுத்துக் குளித்துவிட்டு ஆட்டோ ஏறினேன். வயதான தமிழன் என்றால் ஓட்டுநருக்கு ஒரே முடிவுதான். "கோயிலுக்குத்தானே சாரே?"

"இல்லைங்க, சாலைக் கடைவீதி."

"முதல்ல கோயில், அப்புறம் சாலை. எல்லாரும் அப்படித்தான்."

"எனக்கு முதல்ல சாலை."

அவர் என்னைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் வண்டி நின்றது. கொடி பிடித்து ஒரு ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் வறுத்த கடலை வாங்கி வந்து எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

"எதுக்குங்க போராட்டம்?"

"அது போர்டு வாசிச்சாத்தான் தெரியும். தினமும் உண்டு சாரே. இன்னிக்கு யாரோட டேர்ன்னு தெரியல."

நாற்பது நிமிடம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு கல்யாண வேன், ஒரு ஆம்புலன்ஸ், ஐஸ்கிரீம் வண்டி. ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஊர்வலம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டு, திரும்பக் கூடிக்கொண்டது. கோவையில் இதுபோன்ற கூட்டம் இவ்வளவு ஒழுங்காக விலகி நான் பார்த்ததில்லை. வரிசையில் முன்னால் நிற்பவன் நகராவிட்டால் பின்னால் இருப்பவன் கதி என்ன என்று மேடைகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் படத்தில் இல்லை.

சாலைக் கடைவீதியில் பாதிக் கடைகளில் தமிழ் கேட்டது. சுகந்தியின் அலுவலகம், கயிறும் எவர்சில்வர் பாத்திரமும் மொத்தமாக விற்கும் ஒரு கடையின் மாடி. மேலே பூட்டியிருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆனவர்.

"சுகந்தியா? ஆளு இவிட இல்லையே. வியாழக்கிழமை வரைக்கும் விழிஞ்ஞம் மீன் துறையில உண்டு. நீங்க யாரு, கல்யாணம் பேச வந்த ஆளா?"

"அவங்க முன்னாடி வேலை பாத்த ஆபீஸ்ல இருந்தவன்."

"எது, பஸ் நின்ன ஆபீஸா?" அவர் சிரித்தார். உள்ளே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவரும் சிரித்தார். "அந்தா, இவன் அவ பொறந்த தேயிலைத் தோட்டத்துக்காரன். அங்க மேல, போனக்காட்டு மலையில பஸ் மக்கர் பண்ணிச்சுன்னா 'சுகந்தி வந்தாச்சா'ன்னு கேப்பாங்களாம். இவன் வந்து சொல்லிச் சொல்லி, இப்ப இங்க கரண்டு போனாலும் நாங்க அதான் கேக்கது. அவளும் சிரிப்பா. பாவம், நல்ல புள்ள."

நானும் சிரிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை.

அன்று சாப்பாட்டுக்குச் சிவப்பு அரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே நின்று மென்று தின்னச் சொன்னது. குடிக்க, ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவன் நான். தண்ணீருக்கு நிறம் இருப்பதே ஒரு குற்றம் என்பது எங்கள் ஊர்க் கொள்கை. மூன்றாவது வாய்க்கு மேல் கொள்கையைக் கைவிட்டேன். கடைசியில் இலையில் ஒரு போளியைப் போட்டு அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றினார்கள். இனிப்பின்மேல் இனிப்பு. பக்கத்து இலைக்காரர் அதைக் கையால் பிசைந்தார். நானும் பிசைந்தேன். சர்க்கரை வியாதிக்காரன் செய்யக் கூடாத காரியம். ஆனால் இந்தப் பயணத்தில் ஒப்புக்கொள்ளப் பெரிய பாவம் வேறு இருந்ததால் இது சின்னதாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள் விழிஞ்ஞத்துக்கு பஸ். பலகையில் மலையாளம் மட்டும். எழுத்துகள் நம் எழுத்துகளின் ஒன்றுவிட்ட தம்பிகள் போல இருக்கும், கூப்பிட்டால் திரும்பாது. நடத்துநரிடம் மூன்றுமுறை கேட்டு ஏறியும் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டேன். இறக்கத்தில் நடந்தேன். ஒரு பக்கம் பள்ளிவாசல், மறு பக்கம் மாதா கோயில், நடுவில் கடல். தூரத்தில் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிகள் போலக் கழுத்தை நீட்டி நின்றன. அவற்றின் காலடியில் பெயிண்ட் உதிர்ந்த வள்ளங்கள்.

மீன் ஏலம் முடியும் நேரம். நிறநிறமான பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு வியாபாரியை நடுவில் நிறுத்தி வைத்து மலையாளத்தில் விளாசிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை தமிழில்:

"மத்தி கெட்டுப் போச்சு, கொட்டினே. சரி. பெட்டி எங்கே?"

"அதையும் சேர்த்துத்தான் வீசிட்டேன். நாத்தம் தாங்கல, ஸ்டெல்லாம்மா."

"மீன் உன்னோடது, கொட்டு, குழியில போடு, தலையில பூசிக்கோ. பெட்டி எல்லாரோடதும். இப்படி ஆளுக்கு நாலு பெட்டியை வீசினா, நாளைக்கு வள்ளம் வந்து நிக்கும்போது மீனை எதுல இறக்குறது, உன் மாமியார் மடியிலயா?"

கூட்டம் சிரித்தது. அவர் சொன்னது என் பிழையைத்தான்.

கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஒற்றை இணைப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அனுப்புகிறவன் குறிப்பிட்ட அளவுக்குமேல் அனுப்பக் கூடாது. வாங்கியவன் "இவ்வளவு எடுத்துவிட்டேன், இன்னும் அனுப்பலாம்" என்று சொன்னால்தான் அடுத்தது வரும். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது போல. கவுன்டரில் இருப்பவர் ஒரு தேதியைத் தட்டிவிட்டு உடனே வேறு தேதியைத் தட்டினால், முதல் கேள்வி ரத்தாகும். அதற்கு வந்துகொண்டிருந்த பதிலை எறிந்துவிடலாம். ஆனால் அது பிடித்திருந்த இடத்தைப் பொதுக் கணக்கில் திருப்பிச் சொல்லியாக வேண்டும். என் தொகுப்பு சொல்லவில்லை. மீனோடு பெட்டியையும் வீசியது. சாதாரண நாளில் பெட்டிகள் தீர மாதங்கள் ஆகும். தீபாவளிக் கூட்டத்தில் அரை நாளில் தீர்ந்துபோயின. அப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் அனுப்ப முடியாமல், எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"சார்?"

திரும்பினேன். சுகந்தி. கையில் நனையாத உறை போட்ட போன். முடியில் நரை வந்திருந்தது. அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கால் நனையுது சார். இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

ஒரு வள்ளக்காரரின் போனில் எதையோ சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். கடலுக்குள் இருக்கும்போதே பிடித்த மீனின் கணக்கு கரைக்கு வரும், கரை விலையும் காற்று எச்சரிக்கையும் கடலுக்குப் போகும்; எல்லாம் அந்த ஒரே மெல்லிய இணைப்பில். அவள் விவரித்தபோது என் காதுகள் சூடாகும் அளவுக்குப் பெருமையாக இருந்தது. "என் தொகுப்பா இதுல?" என்று கேட்டே விட்டேன்.

"இல்ல சார். நாங்களே எழுதினோம்." பிறகு ஸ்டெல்லாம்மா பக்கம் கையைக் காட்டினாள். "அவங்க சொன்னது கேட்டீங்க அல்லே? அன்னிக்கு இந்த உதாரணம் என்கிட்ட இருந்திருந்தா உங்களுக்குப் புரிய வெச்சிருப்பேன்."

"புரிஞ்சுது சுகந்தி. அன்னிக்கே புரிஞ்சுது."

"எப்போ?"

"உன் மெயிலைப் படிச்ச பத்தாவது நிமிஷம்."

வள்ளத்திலிருந்து ஒருவர் "சேச்சி" என்று கூப்பிட்டதற்கு அவள் திரும்பவில்லை.

"நீங்க படிக்கலைன்னு நெனச்சேன் சார்" என்றாள். "பெரிய ஆள், ஆயிரம் மெயில் வரும், படிக்காம விட்டுட்டாரு, அப்புறமா தானே கண்டுபிடிச்சாருன்னு. இத்தனை வருஷமும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். அதுவும் போச்சு."

மன்னிப்புக் கேட்டால் பாரம் குறையும் என்று நினைத்துப் போனவன் நான். அவள் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அவள் வள்ளத்துக்குப் போய் அரைமணி நேரம் வேலை பார்த்தாள். நான் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லாம்மா வந்து, "எழுந்திரு, பெட்டி வேணும்" என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

சுகந்தி திரும்பி வந்து சொன்னது ஒரே வரி. "நாளைக்கு வெள்ளி. மூணரைக்கு ஆபீஸுக்கு வாங்க."

மூன்றாம் நாள் மூன்றேகாலுக்கே போய்விட்டேன். மாடியில் ஆறு நாற்காலிகள், ஒரு மேசை, செய்தித்தாளில் எண்ணெய் கசியும் பழம்பொரி. ஏத்தன் என்கிற நேந்திரம் பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. எங்கள் ஊரில் பஜ்ஜிக்கு வாழைக்காய் போடுவோம். இவர்கள் பழத்தையே போட்டுவிட்டு இதில் என்ன அதிசயம் என்பதுபோல் தின்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு அங்கே ஒரு வழக்கம். அந்த வாரம் தான் செய்த தப்பை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒரே விதி, தன் பெயரைத் தவிர வேறு பெயரைச் சொல்லக் கூடாது. மீறினால் அடுத்த வாரப் பழம்பொரி அவர் பொறுப்பு. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ரெஜினா என்ற பெண் முதலில். பதில் வராத வள்ளத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் நொடிக்குப் பதில் நிமிடம் என்று போட்டுவிட்டாளாம். "ரெண்டு நாள் வெயிட் பண்ணியிருக்கு, பாவம் அந்த நிரல். எனக்குக்கூட யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்ல."

"காத்திருக்க ஆள் வேணும்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போ" என்றான் பக்கத்திலிருந்த அனீஷ். சுகந்தி உட்பட எல்லோரும் சொல்லி முடித்தார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"இவர் குழந்தைவேல் சார். என் பழைய மேனேஜர். இவருக்கும் ஒண்ணு சொல்லணும்."

எழுந்து நின்று சொன்னேன். மேலே இதுவரை எழுதியதைத்தான், பெங்களூர் கைதட்டல் உட்பட. யாரும் பழம்பொரியைத் தொடவில்லை. அத்தாட்சியாக அவளுடைய பழைய மின்னஞ்சலை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். முதல் பத்தியில் நான் அடிக்கோடு போட்டிருந்தேன். ரெஜினா அதை வாங்கி முழுவதும் படித்தாள்.

"சாரே, அந்த ரெண்டாவது பாரா என்ன ஆச்சு?"

"எந்த ரெண்டாவது பாரா?"

இத்தனை வருடத்தில் நான் அதைப் படித்ததில்லை. உண்மை இது. முதல் பத்தியிலேயே என் முகம் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் பார்க்கத் துணிவில்லை. அச்செடுத்தபோதும் பார்க்கவில்லை.

ரெஜினா படித்தாள். சிலர் செய்தியின் உண்மையான நீளம் தெரியாமலிருக்க அதோடு வெற்று எழுத்துகளைச் சேர்த்து அனுப்புவார்கள். பிரித்தவுடன் அவற்றைத் தூக்கி எறிந்துவிடுவது சரி, ஆனால் அவையும் இடம் பிடிக்கின்றன. அவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும், உங்கள் தொகுப்பில் அதுவும் விட்டுப்போயிருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் சார் என்று சுகந்தி எழுதியிருந்தாள்.

"மீனோட ஐஸும் பெட்டியில இடம் பிடிக்கும்" என்றாள் சுகந்தி, மெதுவாக. "ஐஸ் உருகிப் போச்சுங்கறதுக்காகப் பெட்டி சின்னதாகாது."

அனீஷ் கணினியைத் திறந்து என் தொகுப்பின் இன்றைய வடிவத்தை இறக்கினான். ஒரு சின்னச் சோதனை எழுதினார்கள். வெற்று எழுத்து சேர்த்த ஆயிரம் துண்டுகளை அனுப்பி, கடைசியில் பொதுக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்கள். குறைந்திருந்தது. அப்படி எழுத்து சேர்த்து அனுப்புகிறவர்கள் குறைவு என்பதால் யாருக்கும் தெரியாமல் இத்தனை வருடம் கசிந்திருக்கிறது. இதற்குள் எங்கெங்கோ எதெதுவோ காரணம் தெரியாமல் நின்றிருக்கும். எங்கெங்கோ யார் யார் பெயரையோ யார் யாரோ எழுதியிருப்பார்கள்.

"நீயே திருத்தி அனுப்பு சுகந்தி. உன் பெயர்ல போகட்டும்" என்றேன்.

"இல்ல. தப்பு உங்களோடது, நீங்க எழுதுங்க. கண்டுபிடிச்சது யாருன்னு மட்டும் சரியா எழுதுங்க."

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டுமுறை அடித்துத் திருத்தினேன். நிரலில் நான்கு வரி. அதற்கான குறிப்பு இருபது வரி: இந்த இரண்டு பிழைகளையும் கண்டவர் சுகந்தி, முதலாவதை என் பெயரில் திருத்தி, பழியை அவர் பெயரில் எழுதினேன், இரண்டாவதைப் படிக்கவேயில்லை. ரெஜினா குறிப்பை வரிவரியாகச் சரிபார்த்து, "இங்கே 'தவறுதலாக' வேண்டாம் சாரே, தெரிஞ்சுதானே செஞ்சீங்க" என்று ஒரு சொல்லை எடுக்க வைத்தாள். பொத்தானை அழுத்தியதும் நான் எழப் போனேன்.

"மதியாகல சார்" என்றாள் சுகந்தி. போதாது என்று அர்த்தம். "இது எல்லாம் எங்க ஆளுங்களுக்கு. தோட்டத்துல பஸ் நின்னா என் பேரைச் சொல்வாங்க. நான் சிரிச்சுடுவேன். அப்பா சிரிக்க மாட்டார். நாளைக்கு அவர்கிட்ட வந்து சொல்லணும்."

நான்காம் நாள் போனக்காட்டு பஸ். வளைவுக்கு வளைவு காடு இருண்டு, திடீரென்று தேயிலைச் சரிவுகள் திறந்தன. மேட்டுப்பாளையம் வழி நீலகிரி ஏறும்போது காதில் கேட்கும் காற்று இங்கே இல்லை, ஈரம்தான் ஏறுகிறது. பஸ் முழுக்கத் தோட்டத்து ஜனம். சுகந்தியிடம் ஆளாளுக்கு நலம் விசாரித்தார்கள். பாதிப் பேர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தார்கள்.

ஒரு கொண்டை வளைவில் பஸ் இருமியது, முன்பக்கம் ஆவி கிளம்பியது, நின்றது.

பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. "சுகந்தி வண்டியில உண்டா?"

"உண்டு, உண்டு" என்று அவள் கையைத் தூக்கினாள். பஸ் முழுவதும் சிரித்தது. ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்து, "இறங்கி நடம்மா தாயே, வண்டி பிழைச்சுக்கும்" என்றார்.

அப்பா வீடு வரைக்கும் காத்திருக்க எனக்குத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்து எழுந்தேன். "அது இவங்க இல்லைங்க. அன்னிக்கு பஸ்ஸை நிறுத்தினது நான், குழந்தைவேல்."

சிரிப்பு சட்டென்று ஓயவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தண்ணீர் கொண்டுவர நடத்துநர் குடத்தோடு ஓடைக்குப் போயிருந்தார். நேரம் இருந்தது. சொன்னேன். இணைப்பு, கணக்கு என்று தொடங்கித் தடுமாறினேன். பிறகு மீன் பெட்டிக்கு வந்தேன். முன் இருக்கையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டுத் துப்பினார்.

"அப்ப பெட்டியைத் திருப்பித் தராதது நீ. பேரு கெட்டது இந்தப் புள்ளைக்கு."

"ஆமாங்கம்மா."

"வெக்கமா இல்ல?"

"இருக்குங்க."

"இருக்கணும். உக்காரு, விழுந்துடாத" என்றார்.

வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. சுகந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் அப்பா மாரியப்பன், தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இரண்டு அறை. வீடு கட்டித் தருகிறேன் என்று மகள் சொல்லியும் இறங்கி வரவில்லையாம். எங்களுக்குப் பாலில்லாத டீ கொடுத்தார்; அந்தத் தோட்டத்து இலை; நான் கோவையில் குடிப்பதெல்லாம் டீயே இல்லை என்று அந்த ஒரு குவளை சொன்னது. மூன்றாம் முறையாகச் சொல்வதால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி.

"என் பொண்ணு உங்களுக்கு எழுதினது சரியா?"

"சரிங்க. முதல்ல எழுதினதும் சரி, ரெண்டாவது எழுதினதும் சரி. முழுசும் சரி."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "அன்னிக்கு நீ வேலையை விட்டுட்டுப் பெட்டியோட வந்து நின்னப்போ கேட்டேன், தப்பு பண்ணினியான்னு. இல்லப்பான்னு சொன்னே. நான் நம்பல. அவ்வளவு படிச்ச மனுஷர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரேன்னு உன்னை நம்பல."

நான் எடுத்தது அவளுடைய வேலையை என்று மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் அப்போதுதான் தோண்டிய மரவள்ளிக் கிழங்கு, மண்ணோடு. அவரே கழுவி வேகவைத்தார். காந்தாரி மிளகாயை நசுக்கி எண்ணெய் ஊற்றினார். முதல் தட்டை மகளுக்கு வைத்தார். அடுத்ததை எனக்கு.

"சாப்பிடுங்க" என்றார். "பஸ் நாலு மணிக்கு. ஓடுனா."

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொள்பவர் எங்கோ குளிர்தேசத்தில் இருக்கிறார், நேரில் கண்டதில்லை. என் குறிப்புக்குக் கீழே, "இந்தச் சுகந்தியைப் பொறுப்பாளர்களில் ஒருவராகக் கூப்பிடலாமா?" என்று மட்டும் எழுதியிருந்தார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். பிழை அறிக்கைகளில் எழுதுபவர் தன் பெயரைத் தவிர வேறு பெயரை எழுதக் கூடாது. சம்மதித்தார்கள். தொகுப்பின் முதல் பக்கத்தில் அந்த விதி இப்போது இருக்கிறது. நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதை நான் எழுதவில்லை.

பழைய கம்பெனிக்கும் பெங்களூர் மேடைக்காரர்களுக்கும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. மன்னித்தேன் என்று சுகந்தி இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் காணொளி இணைப்பு மட்டும் அனுப்புகிறாள். உட்கார்ந்து அந்த வாரத்துத் தப்பைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற கிழவனுக்குத் தப்பு செய்ய வாய்ப்பு குறைவு என்று நினைத்திருந்தேன். இதுவரை ஒரு வாரமும் விட்டுப்போகவில்லை.

போன வாரம் அவள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். அப்பாவை மருத்துவரிடம் காட்டக் கீழே கூட்டி வரும் வழியில், அதே கொண்டை வளைவில், பஸ் நின்றதாம். பின் இருக்கையிலிருந்து யாரோ கத்தினார்களாம்: "குழந்தைவேலு வந்துட்டாரா?" பஸ் முழுவதும் சிரித்ததாம்.

கீழே இன்னொரு வரி இருந்தது. "அப்பாவும் சிரிச்சார் சார்."

மேடையில் என் பெயரைச் சொன்னபோது எழுந்து கைதட்டியிருக்கிறார்கள். போனக்காட்டு பஸ்ஸில் என் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டில் எது எனக்கு உரியது என்று எனக்குத் தெரியும். அதை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.